குளிர் மிசினைக் கழுவ ஆள் இல்லை

ஏப்ரல் 4, 1957, வியாழன்

வெயில். காலையிலேயே பட்டறைத் தகரம் சொடுக்க ஆரம்பித்துவிட்டது. அணை வேலைக்கு மண் அடிக்கும் லாரிகள் மூன்று. மூன்றுக்கும் ஒரே நோய், ரேடியேட்டர் முழுக்கச் செம்மண். கழுவிக் கழுவிக் கையெல்லாம் சிவப்பு.

மதியம் நஞ்சப்பா வந்தான். வேப்பனப்பள்ளி ரோட்டு மிட்டாதாரின் டிரைவர். மிட்டாவை, அதாவது அந்தச் சின்ன ஜமீனை, சர்க்கார் எடுத்துக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. மிட்டாதார் என்ற பேரை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. மாந்தோப்பையும். (இனி மி. முழுசாக எழுதினால் மரியாதை கொடுப்பதுபோல் இருக்கிறது.)

வண்டி அமெரிக்கா வண்டி. பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றது. டிக்கியில் குளிர் மிசின். பின் சீட்டில் உட்காருகிறவர் தலைமேல் மட்டும் குளிர்ச்சி விழும். முன் சீட்டில் ஓட்டுகிறவனுக்குக் கிடையாது. அமெரிக்காவிலும் மிட்டாதார்கள் இருப்பார்கள் போல.

"காத்து பருது, குளிர் பரல்லா. அய்யா பைதாரு" என்றான் நஞ்சப்பா. காற்று வருகிறது, குளிர் வரவில்லை, அய்யா வைகிறார்.

வண்டியின் முன்பக்கக் கம்பி ஜாலியைக் கழற்றினேன். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் காயிலில் மாம்பூத் தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, வைக்கோல், ஒரு குருவி இறகு. முன்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போகும். என்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ள வேண்டும். மெதுவாக. தகடுகள் காகிதம் மாதிரி, விரல் பட்டாலே மடியும். முக்கால் மணி வேலை. பிறகு நஞ்சப்பாவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். இறங்க மனசில்லை அவனுக்கு.

"வாரம் ஒரு தடவை இப்படிக் கழுவணும். யார் கழுவுவா?"

"நானே. வெளியே நிக்கற வண்டிதானே, யாரு தொட்டா ஏனு?"

வீட்டில் மி.யின் அறையிலும் ஒரு மிசின் இருக்கிறதாம், சன்னலில். அதுவும் குளிரவில்லையாம். நாளைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பட்டறை முதலாளி காதர் பாய்க்குச் சந்தோஷம். "பெங்களூர்ல ஐஸ் பெட்டி ரிப்பேர் கத்துக்கிட்டு வந்தவன்டா நீ. போ. வாயை மட்டும் இங்கயே வெச்சிட்டுப் போ" என்றார்.

டீக்கடையில் புதுக்காசுச் சண்டை, அணாவுக்கு எத்தனை நயா பைசா என்று, இன்னும் ஓயவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

பங்களா. மாந்தோப்பு நடுவில். மாடி இல்லை, ஆனால் தூணைக் கட்டிப்பிடித்தால் கை எட்டாது.

வாசலில் கணக்குப்பிள்ளை (க.பி.). உள்ளே விடுமுன் விசாரணை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சேலம்."

"சேலத்துல எந்தப் பக்கம்?"

"பட்டறைப் பக்கம்."

"அப்பா என்னா பண்றாரு?"

"செத்துட்டாரு."

அதற்கு மேல் எப்படிச் சுற்றி வருவது என்று அவருக்குத் தெரியவில்லை. நேராகக் கேட்க வெட்கம். தீண்டாமைக்குச் சட்டம் வந்து ரெண்டு வருஷம், கேள்விகள் மட்டும் சுற்றிப் போகப் பழகியிருக்கின்றன. கடைசியில் மிசினை நினைத்து உள்ளே விட்டார்.

பொருமிக்கொண்டு கிடந்தது மிசின். முன் மூடியைத் திறந்தால் வடிகட்டி தெரியவில்லை. கம்பளி போர்த்தியதுபோல் தூசி. தூசிக்குள் சாம்பிராணிப் பிசுக்கு. தினம் சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுகிறார்கள். புகை அவ்வளவும் காயிலில் போய் ஒட்டும். அடியில் தண்ணீர்த் தட்டு பாசி. வடியும் துளையில் பல்லி முட்டை.

செய்தது:
— வடிகட்டியை வெந்நீர் சோப்பில் ஊறவைத்து அலசல்
— காயிலை மயிர் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, தகட்டின் போக்கிலேயே
— தட்டுக் கழுவல், துளைக் குத்தல்
— வெளிப்பக்கக் காயில், தனியாக

வெளிப்பக்கம் சமையல்கட்டுப் பின்புறம். அங்கே முனியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். புருஷன் தோப்பில் காவல், தோப்பிலேயே குடிசை. மிசினின் சூடு நேராக அவள் முதுகில்தான் ஊதுகிறது.

"ஏந்தம்பி, உள்ளாற இந்தப் பெட்டி குளிருதாமே, மெய்யா?"

"மெய்தான்."

"அப்ப இந்தாண்ட ஏன் அனலா ஊதுது?"

"உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. அதான் இதோட வேலையே."

"ஓ. அவுரு சூடு நம்ம முதுவுக்கா?" சிரித்தாள். "அதுக்கு மிசின் இன்னாத்துக்கு? எப்பவும் நடக்கறதுதான?"

நான் பதினைந்து கட்சிக் கூட்டத்தில் கேட்டதைவிட இது நன்றாக இருந்தது.

அவள் தேய்த்துக் கவிழ்க்கும் பாத்திரத்தைச் சமையல்காரர் ஒரு கை தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுக்கிறார். பார்த்தேன்.

கிளம்பும்போது க.பி.யிடம் சொன்னேன், வாரம் ஒரு தடவை வடிகட்டியும் காயிலும் கழுவ வேண்டும் என்று. "சரி, யாரு?" என்றார். அதற்குப் பிறகு நடந்த பேச்சை எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நானே நம்ப மாட்டேன்.

சமையல்காரர்: அறைக்குள் போகலாம். அழுக்கைத் தொட மாட்டார்.
வண்ணார்: இது துணி இல்லை என்கிறார். நியாயம்.
வாசல் பெருக்குகிறவன்: வாசலோடு சரி.
முனியம்மா: பாத்திரம் உள்ளே போகும். அவள் போகக்கூடாது.
க.பி.: "நானா? நல்லா இருக்குதே."
மி.யும் மகனும்: அவர்கள் பேரை எடுக்கவேயில்லை.

அழுக்கைத் தொடக்கூடியவர்கள் அறைக்குள் வரக்கூடாது. அறைக்குள் வரக்கூடியவர்கள் அழுக்கைத் தொடமாட்டார்கள். மிசின் செய்த கம்பெனிக்காரனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

லாரி, லாரி, லாரி. இடது கட்டைவிரலில் சுத்தியல்.

ராத்திரி சாப்பாடு மெஸ்ஸில், சாம்பாரில் பருப்பைத் தேடினேன். வருஷப் பிறப்புக்கு லீவு உண்டா என்று கேட்டதற்கு, காதர் பாய், "போன ரம்ஜானுக்கு நீ எனக்கு லீவு குடுத்தியா?" என்றார். பிறகு கொடுத்தார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலையிலேயே நஞ்சப்பா. "பாரப்பா, பேகா பா" என்று, சீக்கிரம் வா என்று, இழுத்துக்கொண்டு போனான். மிசின் செத்துவிட்டது. காற்று வருகிறது, துளியும் குளிர் இல்லை. அடுத்த வாரம் புதன்கிழமை மி.யின் பெண்ணைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களை உட்கார வைக்கிற அறையே இந்த அறைதான்.

மூடியைத் திறந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. புளி வாசனை.

காயிலின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய்கள் எல்லாம் பளபளவென்று, பூசைச் சொம்பு மாதிரி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேங்காய் நார் தகடுகளுக்குள் சிக்கியிருக்கிறது. முன்பக்கத் தகடுகள் பாதி, மழையில் சாய்ந்த கேழ்வரகுப் பயிர்போல் படுத்துக் கிடக்கின்றன.

பின்னால் நின்ற க.பி. குரலை உயர்த்தினார். "பாத்தியா தம்பி? முனியம்மா பண்ண வேலை. யாரைக் கேட்டு உள்ள வந்தா? வருஷப் பிறப்பு நேரமும் அதுவுமா, அய்யா படுக்கிற அறைக்குள்ள!"

இன்னும் உற்றுப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே ஒரு குழாயில் சின்ன வெட்டு. அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. வெட்டு கூர்மை, ஒரே குத்து. நார் இப்படி வெட்டாது. புளியும் வெட்டாது. கத்தி.

"இதுல கத்தி வெச்சது யாரு?"

க.பி. கூரையைப் பார்த்தார். வாசலில் மி.யின் மகன் நின்றிருந்தான். மெட்ராஸில் காலேஜ். மெதுவாக நகர்ந்துவிட்டான்.

வெளியே வந்தபோது நஞ்சப்பா காதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மிசினில் பனி கட்டிவிட்டதாம். சின்னவர் மாம்பழக் கத்தியால் பனியைக் குத்தி எடுத்தாராம். புஸ்ஸென்று சத்தம் வந்ததாம். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு மாம்பழம் சாப்பிட்டாராம்.

முனியம்மா பின்கட்டில் இல்லை. பாத்திரங்கள் தேய்க்காமல் குவிந்திருந்தன. இந்த ஞாயிறுக்குள் குடிசையைக் காலி பண்ணிப் புருஷனும் பெண்டாட்டியும் தோப்பை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு.

ஏப்ரல் 17, புதன்

வேலை முடிந்து நேராகத் தோப்புக்கு. முனியம்மா குடிசை வாசலில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் கயிற்றுக் கட்டிலில், முகம் சுவர்ப் பக்கம்.

"வா தம்பி. நீதான கழுவணும்னு சொன்ன?"

"ஆமா."

"எப்பிடிக் கழுவணும்னு சொன்னியா?"

சொல்லவில்லை. அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"வெள்ளிக்கிழமை எல்லாச் செம்பையும் பித்தளையையும் தேய்ச்சிக் கவுத்தேன். கணக்குப்புள்ளை வந்தாரு. அய்யா வெளிய போயிருக்காரு, பின்வாசல் வழியா சட்டுனு வா, அந்தப் பெட்டிய தேய்ச்சிட்டுப் போயிடுன்னாரு. போயிப் பாத்தா உள்ளாற செம்பு. பச்சையா களிம்பு ஏறிக் கெடக்குது. வருஷம் பொறக்கச்சொல்லோ வூட்ல களிம்பு இருக்கலாமா? நல்லாத் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி வந்திச்சி. நீயே சொல்லு, வந்திச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அதான். என் தேய்ப்புல கொறை சொல்லாத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விளக்கினேன். தகடு மடிந்ததால் காற்று அடைபட்டது. காற்று அடைபட்டதால் பனி கட்டியது. அதுவரைக்கும் அவள் கை. சீப்பால் நிமிர்த்தினால் சரியாகிவிடும். பனியைக் கத்தியால் குத்தியது சின்னவர். குழாய் ஓட்டையாகி, குளிரைத் தரும் காஸ் போனது அதனால்தான். மிசினைக் கொன்றது அதுதான்.

"நான் போய்ச் சொல்லப் போறேன். கணக்குப்பிள்ளைதான் உன்னை உள்ள அனுப்பினாருன்னும் சொல்றேன்."

"கத்திய வேணா சொல்லு. கணக்குப்புள்ளைய இழுக்காத."

"ஏன்?"

"நீ சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. இவுரு தெனம் அந்தாளு மூஞ்சிலதான முழிக்கணும்?" கட்டிலைக் காட்டினாள். அங்கிருந்து ஒரு குரல், சுவரைப் பார்த்தபடியே: "முழிக்கறதுக்கு மொதல்ல குடிசை இருக்கணுமே."

"அதுக்குத்தான் பேசினு இருக்கறோம். நீ படு."

திரும்பி நடந்து வரும்போது முழுக்கக் கோபம். யார் மேல் என்று பிரித்துப் பார்த்தேன். பாதி அவள் மேல். அது நியாயமில்லை என்று தெரிந்தும்.

ஏப்ரல் 18, வியாழன்

பெங்களூர். பஸ்ஸில் ஓசூர் வரை நின்றுகொண்டு. அங்கே குளிர்ந்த காற்று, மி.க்கு மிசின் வேண்டாம், ஓசூரில் ஒரு வீடு போதும் என்று நினைத்தேன்.

வாங்கியவை: காஸ் சிலிண்டர், உருக்கி ஓட்டையை அடைக்க வெள்ளிப் பற்றுக் கம்பி, மர சீப்பு ரெண்டு. கடைக்காரர், "சீப்பு யாருக்கு, கல்யாணமா?" மிசினுக்கு என்றேன். நம்பவில்லை.

என் பழைய பட்டறையில் சொன்னேன். எல்லோரும் புளிக்குத்தான் சிரித்தார்கள். கத்திக்கு ஒருத்தனும் சிரிக்கவில்லை. கத்தி வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதாம்.

ஏப்ரல் 20, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மிசினைச் சன்னலிலிருந்து இறக்கி, பின்கட்டில் வைத்துப் பற்று வைத்தேன். சீப்பில் ஒன்றுவிட்டு ஒன்று பல்லை ஒடித்துவிட்டுத் தகடுகளைச் சீவினேன், ஒவ்வொரு வரியாக. காஸ் ஏற்றி மாட்டினேன். குளிர்ந்தது. மி. வந்து கையை நீட்டிப் பார்த்தார். ஐம்பது வயசு, வெள்ளை வேட்டி, குரலை உயர்த்தவே மாட்டார்.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். மிசின் போனது முனியம்மா தேய்ச்சதால இல்ல. கத்தி பட்டிருக்கு."

"தெரியும். பையனே சொல்லிட்டான்."

அவ்வளவுதான். நான் மூன்று நாளாகச் சுமந்து வந்ததை அவர் ஒரு வெற்றிலையைக் கிள்ளுகிற நேரத்தில் முடித்துவிட்டார்.

"அப்ப அவங்களை ஏன் காலி பண்ணச் சொல்றீங்க?"

"மிசின் ரிப்பேர் ஆயிடுச்சு. அவ உள்ள வந்ததை ரிப்பேர் பண்ண முடியுமா?"

க.பி. பக்கத்தில் நின்றார், தரையைப் பார்த்தபடி. அனுப்பியது அவர்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். முனியம்மா கேட்டுக்கொண்டதற்காக. காதர் பாய் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

வேறு வழியாக வந்தேன். "வாரம் ஒரு தடவை கழுவலைன்னா மறுபடி பனி கட்டும். புதன்கிழமை வர்றவங்களுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவியே ஆகணும். தினம் சாம்பிராணி போடுறீங்க. யார் கழுவுவா?"

"நீயே வாரா வாரம் வாயேன்."

அது சுலபம். வந்து கழுவிவிட்டுப் போகலாம், எல்லோருக்கும் நிம்மதி. குடிசை மட்டும் காலியாகும்.

"நான் ரிப்பேர்க்காரன். கழுவ வரமாட்டேன். கழுவத் தெரிஞ்ச ஆள் இந்த வீட்ல ஒருத்திதான். அவளுக்கு எப்படின்னு நான் காட்டித் தரேன். வேற யாராவது செய்வாங்கன்னா கூப்பிடுங்க, அவங்களுக்கும் காட்டுறேன்."

மி. க.பி.யைப் பார்த்தார். க.பி. சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். சமையல்காரர் அங்கிருந்தே இருமினார். மகன் வாசல் படியில் பத்திரிகை படித்தான்.

"சரி. குடிசையில இருக்கட்டும்" என்றார் மி. "கழுவட்டும். உள்ள வராம."

உள்ளே வராமல் எப்படி என்று கேட்டேன். நாளைக்குக் கொத்தனார் வருவார் என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மேகம், மழை இல்லை. காலை நாஸ்தா இல்லை, மறந்துபோனேன்.

முனியம்மாவிடம் சேதி சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பில் ஊதினாள். பிறகு, "அப்ப இங்கயே இருக்கலாம்" என்றாள். கேள்வி இல்லை, தனக்குத்தானே. கட்டிலில் இருந்தவர் எழுந்து போய் முகம் கழுவினார்.

பங்களாவில் கொத்தனார் தயார். திட்டம் இதுதான்: மிசினுக்குப் பக்கத்துச் சுவரில் வெளியிலிருந்து ஒரு பொந்து. பலகைக் கதவு. பின்கட்டில் ஏறி நிற்க ரெண்டு கல். முனியம்மா வெளியே நின்று, பொந்து வழியாகக் கையை விட்டு மூடியைத் திறந்து, வடிகட்டியை எடுத்துக் கழுவி, பிரஷ் போட்டு, மாட்டிவிட வேண்டும். கை உள்ளே போகலாம். கால் போகக்கூடாது.

சுவரை உடைத்தால் அனல் உள்ளே வரும், மிசின் திணறும் என்றேன். பலகை இருக்கிறதே என்றார் க.பி.

நான் பையை எடுத்தேன். "நீங்களே பண்ணிக்குங்க, நான் போறேன்."

முனியம்மா என் முன்னால் வந்து நின்றாள். தணிந்த குரல், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்க போற? நீ கோவிச்சினு போயிட்டா எவன் எனக்கு அந்த பிரஷ்ஷு போடறத காட்டுவான்? மறுபடி கெட்டா மறுபடி எம்மேலதான் வுழும். உன் கோவத்துக்கு நான் குடிசைய குடுக்கணுமா?"

"உன்னைப் பொந்து வழியா—"

"எனக்குத் தெரியாதா இன்னா பண்றாங்கன்னு? எனக்குத் தெரியறத எனக்கே சொல்ல வந்துட்டான். பைய வெய்யி."

வைத்தேன்.

பின்கட்டுக் கல்மேல் வடிகட்டியை வைத்துக் காட்டினேன். மேலிருந்து கீழே. குறுக்கே தேய்க்கக்கூடாது. புளி, சாம்பல், நார் கூடாது. களிம்பு இருந்தால் இருக்கட்டும். அதற்கு மட்டும் அவள் ஒப்பவில்லை. "களிம்ப வுட்டா செம்பு எப்பிடி தம்பி?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு பிரஷ்ஷை வாங்கிப் போட்டாள். என்னைவிட மெதுவாக, என்னைவிட நன்றாக. ஒரு தகடும் மடியவில்லை.

கொத்தனார் கயிறு எடுத்தார். "கையை நீட்டும்மா. பொந்து எத்தினி அகலம் வெக்கறதுன்னு பாக்கணும்." நீட்டினாள். கையைச் சுற்றிக் கயிறு பிடித்து, விரலிலிருந்து மேலே அளந்துகொண்டு போனார். முழங்கையில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் போதுமா? தோளும் உள்ள போவணுமா?"

"தோள் போனாத்தான் அந்தக் கோடி வரைக்கும் கை எட்டும்" என்றேன்.

"தோளா?" என்றார் க.பி. "தோள் போனா தலையும்ல உள்ள எட்டிப் பாக்கும்? முழங்கையோட நிறுத்து."

"முழங்கையோட நிறுத்தினா பாதி காயில்தான் கழுவ முடியும். மீதிப் பாதி அடைச்சுக்கும். மறுபடி பனி கட்டும்."

க.பி. உள்ளே கேட்கப் போனார். கொத்தனார் கயிற்றை இறக்கவில்லை. முனியம்மா நீட்டிய கையை நீட்டியபடி நின்றாள். "சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க, கை வலிக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

க.பி. வந்தார்.

"பாதி போதும்னுட்டாரு."

கொத்தனார் முழங்கையில் முடிச்சுப் போட்டார்.